காப்பர் டேங்கில் நான் போட்ட உப்பு

தகரக் கொட்டகை ஒன்று. இரும்புக்குத் தாமிரம் ஏற்ற ஆயிரம் லிட்டர் காப்பர் டேங்க் ஒன்று, அதன் உள்பக்கம் முழுக்க என் கையால் ஒட்டிய பிளாஸ்டிக் தகடு. துறைமுக ஏலத்தில் பழைய இரும்போடு இரும்பாக வந்த, டேங்குக்குக் கரண்ட் கொடுக்கும் ரெக்டிபையர், அதை உயிர்ப்பிக்க மூன்று மாதம். அச்சு சிலிண்டரைத் தூக்கி இறக்கச் செயின் பிளாக். ஆசிட் புகை போக மின்விசிறி. தெருவில் எவனும் கழிவுத் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாத காலத்திலேயே அதற்கு மூன்று தொட்டி. திருவொற்றியூர் கடல் காற்றில் நேற்று போட்ட ஆணி இன்று துருப்பிடிக்கும். அந்தக் காற்றில் இவ்வளவையும் நிற்க வைத்தவன் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அது நான்தான்.

நீங்கள் டிப்ளமோ முடித்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வருகிறீர்கள். நல்லது. நான் சொல்லப்போவது உங்கள் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும். அந்த வரி எனக்கு என்ன செய்தது என்று புத்தகத்தில் இருக்காது.

எங்கள் வேலை அச்சு சிலிண்டருக்குத் தாமிரம் ஏற்றுவது. பிஸ்கட் கவர், ஷாம்பு பாக்கெட் எல்லாம் அச்சடிக்கிற இரும்பு உருளை. அதன் மேல் நாங்கள் ஏற்றுகிற தாமிரத்தில்தான் படத்தைச் செதுக்குவார்கள். தாமிரத்தில் ஊசிமுனை அளவு குழி இருந்தால் போதும், கவரில் சிரிக்கிற குழந்தையின் கன்னத்தில் கரும்புள்ளி விழும். என் சிலிண்டரில் விழுந்ததில்லை. முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம் என்று சொல்வார்கள். எல்லோரும் அதை என் கைராசி என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. முதலில் டேங்கை நிரப்பியபோது நான் ஆசிட்டே ஊற்றவில்லை. தாமிரம் இருப்பது மயில்துத்தத்தில், அதாவது காப்பர் சல்பேட்டில். ஆசிட்டில் ஒரு துளி தாமிரம் கிடையாது. பிறகு அது எதற்கு என்பது என் கணக்கு. ரெக்டிபையர் முனகியது, தண்ணீர் சுட்டது, சிலிண்டரின் இரண்டு ஓரத்திலும் செங்கல் பொடி மாதிரி ஏதோ ஒட்டியது. விரலால் தொட்டால் உதிர்ந்தது. பேசின் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ரெக்டிபையர் பழுது பார்க்க வந்த பெரியவர் ஒருவர், கரண்டைத் தவிர உலகத்தில் எதையும் மதிக்காதவர், டேங்கை எட்டிப் பார்த்தார்.

"ஆசிட்டு எங்கடா?"

"அதுல காப்பர் இல்லியே நைனா."

"காப்பரு பேசஞ்சரு. ஆசிட்டு ரோடு. ரோடே போடாம பஸ்ஸ வுட்டுகினு கீறியே, பஸ்ஸு எப்டிடா போவும்?"

ஆசிட் ஊற்றினேன். தாமிரம் சீராக ஏறியது. தாமிரத்தோடு தண்ணீரில் கூட இருப்பது எதுவும் சும்மா இருப்பதில்லை என்பதுதான் அவர் சொன்னதன் அர்த்தம். நான் ஆசிட்டை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இப்போது உப்புக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் கண்பட்டால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லுப்பைக் கைநிறைய எடுத்து, மூன்று முறை சுற்றி, தண்ணீரில் போடுவார்கள். உப்பு கரைகிற மாதிரி கண்ணேறும் கரைய வேண்டும். நான் டேங்குக்குச் சுற்றினேன். அமாவாசை தவறாமல், ஆட்கள் வருவதற்கு முன்னால், ஒரு பிடி கல்லுப்பை டேங்கைச் சுற்றி எடுத்து அதற்குள்ளேயே போடுவேன். கண்பட்டது டேங்குக்கு, ஆகவே அதிலேயே கரையட்டும். சுற்றிப் போட்டதை வெளியே சொன்னால் பலிக்காது. அதனால் என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

டேங்கைப் பார்த்துக்கொண்டவர் தாஸ், கடலோர நெட்டுக்குப்பத்துக்காரர், பன்னிரண்டு வருடம் என்னோடு இருந்தவர். அப்போது நான் அவரை வாடா போடா என்றுதான் கூப்பிட்டேன். எழுத்தில் அவர் என்றே எழுதுகிறேன். டேங்கில் ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்குத் தினமும் இரண்டு பக்கெட் ஊற்றுவது அவர் வேலை. எங்கள் தெருவுக்கு லாரியில் வருகிற தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது. அதனால் டேங்குக்கு மட்டும் சுத்திகரிக்கிற மெஷின் வைத்திருந்தேன். மெஷின் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கும். தாஸ் பக்கத்தில் நின்று பிடிப்பார்.

ஒரு நாள் அடுத்த தெருப் பட்டறைக்காரர் வந்தார். ஈரம் சொட்டத் தொங்கிய சிலிண்டரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இன்னா நைனா, கண்ணாடி கணக்கா கீது. எதப் போட்டு மினுக்குற?"

"கைராசிப்பா."

"கைராசி தான். எங்குளுக்கும் கை கீது," என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார்.

கண்பட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். மறுநாள் அமாவாசை. இந்தக் கண்ணுக்கு ஒரு பிடி போதாது என்று ஒரு முழு பாக்கெட் கல்லுப்பைச் சுற்றிக் கொட்டினேன். ஒரு கிலோ.

அதற்கு அடுத்த நாள் காலையில் பட்டறைக்குள் நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். டேங்கில் கரைந்து தாமிரம் கொடுக்கும் செம்புக் கட்டிகள் போட்டுத் தொங்கவிடும் கூடைகள் வெள்ளையாக இருந்தன. யாரோ சுண்ணாம்பு அடித்தது போல. சிவப்பாக இருக்க வேண்டியது வெள்ளை. ரெக்டிபையரில் கரண்ட் காட்டும் முள் பாதிக்கும் கீழே கிடந்தது. செயின் பிளாக்கில் சிலிண்டரைத் தூக்கினோம். மேலெல்லாம் கோடு கோடாக, சொரசொரவென்று, மணல்தாளை ஒட்டி வைத்தது மாதிரி வந்தது. இத்தனை வருடத்தில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. என் கை செயினை விட்டுவிட்டது. தாஸ்தான் பிடித்துக்கொண்டார்.

பிடித்துக்கொண்டவரைத்தான் முதலில் கேட்டேன்.

"டேங்க்ல இன்னாடா ஊத்தினே?"

"மெஷின் தண்ணி தான் நைனா. ரெண்டு பக்கெட்டு. டெய்லி ஊத்தறது தான்."

"மெஷின் தண்ணிக்கு இப்டி வெள்ள பூக்குமா? லாரித் தண்ணியத் தூக்கி ஊத்திகீறே. மெஷின் நெரம்பற வரைக்கும் நிக்க உனுக்கு பேஜாரு."

"நைனா, நான் உப்புத் தண்ணில பொறந்தவன். எது உப்புத் தண்ணி, எது நல்ல தண்ணின்னு எனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சே தான் ஊத்திகீறே."

அவர் சிலிண்டரை மெதுவாக மரக்கட்டை மேல் இறக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனார்.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு பட்டறைச் சண்டை. நான் போனை எடுத்தேன். ஏழு பட்டறைகளுக்குப் பேசினேன். தாஸ் என் டேங்கைக் கெடுத்துவிட்டான், உங்களிடம் வந்தால் ஜாக்கிரதை என்றேன். இந்தப் பகுதியில் டேங்க் பார்க்கிற ஆளுக்குச் சான்றிதழ் கிடையாது. கடைசியாக வைத்திருந்தவர் சொல்கிற வார்த்தைதான் சான்றிதழ். அதை நான் ஒரு டீ ஆறுவதற்குள் கிழித்துப் போட்டேன்.

உப்பு ஞாபகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் அது என் மனதில் உப்பாக இல்லை. கோயிலில் கையில் ஊற்றுகிற தண்ணீரை நாம் தண்ணீர் என்றா நினைக்கிறோம்? நான் போட்டது பரிகாரம். தாஸ் ஊற்றியதுதான் உப்பு.

மூன்றாம் நாள், எங்களுக்கு மினுமினுப்பு மருந்து விற்கிற கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தார். பிரைட்னர் என்று நாம் சொல்வோமே, அந்த மருந்து. வியாசர்பாடிப் பெண். இதே தாமிரத்தைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவராம். கையில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு மெஷின், ஒரு லேப்டாப், சில கண்ணாடி டம்ளர்கள். இதை வைத்துக்கொண்டு இந்தப் பெண் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அதே நேரத்தில் தாஸ் தன் பூட்ஸையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துப் போக வந்திருந்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்து, "அண்ணே, டேங்க்ல இருந்து ஒரு டம்ளர் மொண்டு குடுங்க," என்றார். தாஸ் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். மொண்டு கொடுத்தார்.

அந்தப் பெண் முதலில் தன் சரக்கை வைத்துக் காட்டினார். இரண்டு டம்ளரிலும் மயில்துத்தமும் ஆசிட்டும். ஒன்றில் மட்டும் நிறைய உப்பு. ஒவ்வொன்றிலும் மெஷினின் கம்பிகளை இறக்கியதும் லேப்டாப்பில் கோடு ஓடியது. உப்பில்லாத டம்ளருக்கு ஒரே ஒரு மேடு. உப்புப் போட்ட டம்ளருக்கு இரண்டு மேடு. அதே தாமிரம், அதே அளவு.

"தண்ணியில கரைஞ்ச தாமிரம் ரெண்டு படி எறங்குனா தான் உலோகமா ஒட்டும் ஐயா," என்றார். "ஆசிட்டு மட்டும் கூட இருந்தா ரெண்டு படியையும் ஒண்ணாத் தாண்டிடும், அதான் ஒரே மேடு. உப்பு நெறய இருந்தா நடுப்படியில குந்திக்கும், அதான் ரெண்டு மேடு. செம்புக் கட்டி கரையறப்பவும் அதே படி தான். ஏறி வரச் சொல்லோ நடுவுலயே வெள்ளப் பொடியா படிஞ்சிடும். உங்க கூடைல பூத்துக்கினு கீறது அது தான்."

பஸ்ஸும் ரோடும் சொன்ன பெரியவர் சொல்லாமல் விட்ட மிச்சம் இது.

பிறகு எங்கள் டேங்க் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டார். உப்பு இருந்தால் வெளுக்குமாம். நீலத் தண்ணீர் பால் ஊற்றியது மாதிரி திரிந்து, வெள்ளையாக அடியில் இறங்கியது. அவரே பின்னால் நகர்ந்தார்.

"இன்னாயா இது, இவ்ளோ உப்பு. எங்கிருந்து வந்துச்சி?"

நான் தாஸைக் காட்டினேன். "லாரித் தண்ணிய ஊத்திட்டான்."

அந்தப் பெண் லாரித் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லிச் சோதித்தார். டேங்கை இன்னொரு முறை சோதித்தார். தலையாட்டினார். "லாரித் தண்ணின்னா உப்போட சுண்ணாம்பும் வந்திருக்கணும். இதுல சுண்ணாம்பே காணோம். இது வெறும் உப்பு. கடையில விக்கிற உப்பு. யாரோ கொட்டிகீறாங்க."

எனக்கு அப்போதுதான் பரிகாரம் உப்பானது.

தாஸ் தூக்கைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்தப் பெண்ணின் கண் என் பூஜை அலமாரிக்குப் போனது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் டேங்கிலிருந்து ஒரு பாட்டில் மொண்டு, பொட்டு வைத்து அங்கே வைப்பது என் வழக்கம். முதல் பாட்டில் மட்டும் டேங்கில் ஆசிட் ஊற்றிய அன்றே எடுத்தது. கடைசிப் பாட்டில் போன பூஜையில் எடுத்தது. இரண்டையும் கேட்டு வாங்கினார்.

முதல் பாட்டிலில் சொட்டு விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசிப் பாட்டிலில் விட்டார். லேசாக, புகை மாதிரி, வெளுத்தது. அளந்து பார்த்தார். இன்னொரு முறை அளந்தார். பிறகு இரண்டிலும் மினுமினுப்பு மருந்தைச் சமமாக விட்டு, சின்னத் தகடு ஒன்றுக்குத் தாமிரம் ஏற்றினார். முதல் பாட்டிலில் ஏறியது மங்கல். கடைசிப் பாட்டிலில் ஏறியதில் என் முகம் தெரிந்தது.

"ஐயா," என்றார், குரலே மாறிவிட்டது. "எங்க மருந்து தனியா வேலை செய்யாது. கொஞ்சூண்டு உப்பு கூட இருக்கணும். அந்தக் கொஞ்சம் தாமிரத்தக் கையப் புடிச்சி படி எறக்கி வுடும், மருந்தையும் அதும் மேல ஒட்ட வெக்கும். நீங்க சுத்தமான தண்ணி ஊத்துறதால உங்க டேங்க்ல அது இருக்கவே கூடாது. ஆனா இருக்குது. நாங்க லேப்ல அளந்து போடறோமே, அதே அளவு. ஆயிரம் லிட்டருக்கு ஒரு பிடி, சிலிண்டரோட ஒட்டிக்கினு போறதுக்கு மாசாமாசம் ஒரு பிடி. யாரோ தெரிஞ்சவங்க போட்டிருக்காங்க."

மூன்று நாளாக டேங்க் கெட்டதில் அதிர்ந்தவன், டேங்க் நன்றாக இருந்ததற்குக் காரணம் கேட்டு அதைவிட அதிர்ந்தேன். கைராசி இல்லை. கையில் இருந்த கல்லுப்பு.

அந்தப் பெண் தாஸ் பக்கம் திரும்பினார். "அண்ணே, டேங்க்கப் பாத்துக்கினது நீங்க தான? நீங்க தான் போட்டிங்களா?"

"நான் இல்ல மேடம்."

"பயப்படாம சொல்லுங்க. இப்ப அதிகமா கொட்டுனது தப்பு தான். ஆனா இத்தினி வருஷம் போட்டது பெரிய வேலை. உங்க பேரப் போட்டு கம்பெனிக்கே எழுதுவேன்."

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் சும்மா இருந்தால் பழி தாஸ் தலையில் நிற்கும். கூடவே புகழும் அவருக்கே போகும். ரெண்டையும் பிரிக்க வழியில்லை. மனசாட்சி உறுத்தியது, அதனால் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அது பொய். என் டேங்க் மின்னியதற்கு இன்னொருவர் பெயரா என்கிற எரிச்சலில்தான் வாய் திறந்தது.

"போட்டது நானு."

"எது நைனா?" என்றார் தாஸ்.

"ரெண்டும்."

அமாவாசை, சுற்றியது, பாக்கெட், எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் லேப்டாப்பை மூடினார். தாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போனது.

"டேங்க்குக்கு சுத்திப் போட்டே. சரி. ஏழு பேருக்குப் போன் போட்டியே, அது எனுக்கு சுத்திப் போட்டதா?"

"தப்பு தான்டா. வேலைக்கு வா."

"வேலையும் வேணாம், மன்னிப்பும் வேணாம். போன எடு. அதே ஏழு பேரு. அதே வாயி. ஸ்பீக்கர்ல போடு, மேடமும் கேக்கட்டும்."

எடுத்தேன். முதல் ஆள், "அப்டியா," என்றார். இரண்டாவது ஆள் சிரித்தார். மூன்றாவது ஆள் சொன்னது இது: "வுடு நைனா, பெரிய மனசு உனுக்கு. பன்னெண்டு வருசம் கூட இருந்தவன், பொழப்பு போவக் கூடாதுன்னு நீ பழிய ஏத்துக்கினு சொல்றே. எங்குளுக்குத் தெரியாதா?" அதற்குப் பிறகு ஒருவர் சரி என்று வைத்துவிட்டார், மற்ற மூன்று பேர் அதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். தப்புச் செய்தவன் தானே வந்து ஒப்புக்கொண்டால், அவனுக்கு நல்லவன் பட்டம். பொய்யை நான் சொன்னபோது ஒரு ஆள்கூட எதிர்க்கேள்வி கேட்கவில்லை. உண்மைக்குச் சாட்சி வைத்துக்கொண்டு பேசியும் எடுபடவில்லை.

தாஸ் ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டார். பூட்ஸை எடுத்துக்கொண்டார். "பாத்தியா நைனா, ஒரு பிடி போட்டா கரையுது. ஒரு பாக்கெட்டு போட்டா கரையல. ஏழு பேர்கிட்ட நீ கொட்டுனதும் அப்டி தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

டேங்கைச் சரிசெய்ய அந்தப் பெண்ணே வழி சொன்னார். பத்தில் ஒரு பங்கு பழைய தண்ணீரை டேங்கில் விட்டு, மிச்சத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, புதிதாகக் கலந்து நிரப்பினோம். உப்பு தன் அளவுக்கு வந்தது, கூடை சிவந்தது, சிலிண்டர் மறுபடி மின்னியது. எடுத்து வைத்த பழைய தண்ணீரைக் கொட்டவில்லை. அதிலிருந்து அளந்து எடுத்துத்தான், நான் ஓய்வு பெறும்வரை, அமாவாசைப் பிடிக்குப் பதிலாக ஊற்றினேன். தாஸ் கத்திவாக்கத்தில் சொந்தமாக டேங்க் போட்டு எர்த் கம்பிகளுக்குத் தாமிரம் ஏற்றுகிறார். உப்பைத் தராசில் நிறுத்துப் போடுகிறார் என்று கேள்வி. என்னிடம் வந்து கேட்டதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டேங்க் கெட்டால், பக்கத்தில் நிற்பவன் என்ன போட்டான் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் கை போன ஒரு மாதத்தில் அதில் என்னென்ன போட்டது என்று எழுதிப் பாருங்கள். பொட்டு வைத்துப் போட்டதையும் சேர்த்து எழுதுங்கள். தாமிரத்துக்குப் பொட்டு தெரியாது.

இப்போது என் கோரிக்கை. மினுமினுப்பு மருந்து விற்கிற அந்தக் கம்பெனி ஒரு அட்டை அச்சடித்துப் பட்டறைக்குப் பட்டறை கொடுத்திருக்கிறது. உங்கள் சுவரிலும் தொங்குகிறது, நான் பார்த்தேன். மயில்துத்தம் இவ்வளவு, ஆசிட் இவ்வளவு, குளோரைடு, அதாவது நம் உப்பு, இவ்வளவு. குளோரைடு வரிக்குப் பக்கத்தில் "ஆய்வகப் பரிந்துரை" என்று போட்டிருக்கிறார்கள். ஆய்வகம் அளந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பகுதியில் சுத்தத் தண்ணீர் டேங்கில் முதல் பிடி உப்பைப் போட்ட கை இது. அந்த வரியில் ஏழுமலை என்று என் பெயர் வர வேண்டும்.

அதற்குக் கீழேயே இன்னொரு வரியும் அச்சாக வேண்டும். அளவு மீறிக் கொட்டி டேங்கைக் கெடுத்தவர் என்று போட்டு, அங்கேயும் ஏழுமலை என்றே எழுதுங்கள். போனில் சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்னும் நாலு பட்டறையில் அந்த இடத்தில் தாஸ் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.